டிப்ஸ்டிக்கில் ஆயில் இருக்கிறது, மீட்டரில் ‘ஆயில் குறைவு’ என்று வருகிறது: எதை நம்புவது?

ஒருவர் அனுப்பிய கேள்வி இதுதான். பத்து வருடம் ஓடிய ஐரோப்பிய டீசல் செடான். இரண்டு மாதம் முன்பு மீட்டரில் மஞ்சள் ஆயில் கேன் சின்னம் வந்தது, கூடவே ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லும் எழுத்து. பார்த்தால் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) நிஜமாகவே கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது. சர்வீஸ் நெருங்கிவிட்டதால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் சின்னம் போகவில்லை. பயத்தில் மேலே அரை லிட்டர் ஊற்றியும் போகவில்லை. ஒரு மெக்கானிக் சென்சார் போய்விட்டது என்கிறார். இன்னொருவர், “அது சும்மா எரியும் சார், கண்டுக்காதீங்க” என்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், “அதற்குக் கொஞ்ச நாள் முன்னாடி முன்பக்கம் லேசாக இடித்து பானெட் லாக் மாற்றினோம்” என்றும் இருக்கிறது.

அந்தக் கடைசி வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், உண்மையான அளவு உறுதியாகும் வரை இனி ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றாதீர்கள். இந்தப் பழுதில் இன்ஜினுக்கு வரும் கேடு பெரும்பாலும் விளக்கால் வருவதில்லை, விளக்கை அணைப்பதற்காக ஊற்றும் ஆயிலால் வருகிறது.

இரண்டாவது, நிறம். மஞ்சள் என்கிறீர்கள், ரொம்ப நல்லது. மஞ்சள் ஆயிலின் அளவைச் சொல்வது, சிவப்பு ஆயிலின் அழுத்தத்தைச் சொல்வது. படம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கும் எண்ணெய்க் கேன். படம் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே பழுதாக நினைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் ஓடும் சின்ன வண்டிகள் பெரும்பாலானவற்றில் அளவு பார்க்கும் சென்சாரே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். “ஆயில் குறைஞ்சா லைட் வரும்ல” என்று டிப்ஸ்டிக்கைத் தொடாமலே ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. அந்த வண்டிகளில் ஆயில் குறைந்து விளக்கு வருகிறதென்றால், பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சத் தொடங்கிவிட்டது என்று பொருள். சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பதுதான், வேறு பேச்சில்லை.

மஞ்சளுக்கு அந்த அவசரம் இல்லை. ஆனால் “பொய் வார்னிங்” என்று சொல்வதற்கு முன் டிப்ஸ்டிக் உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

டிப்ஸ்டிக் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்று பிடிக்கும் இடத்தில், சரிவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்த அடுத்த நிமிடமே பார்த்தவர்கள். மேலே ஓடிய ஆயில் சேம்பருக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்க ஐந்து நிமிடமாவது ஆகும். சமதரையில் நிறுத்துங்கள், சூடான இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். முதல் முறை எடுத்ததைப் பார்க்கவே வேண்டாம், துடைத்துவிடுங்கள். மறுபடி முழுக்க உள்ளே இறக்கி எடுத்து, இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் காட்டினால் கீழே காட்டுவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றது டியூப் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் இழுபட்டு வந்தது. கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே உள்ளது பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்.

இப்போது உங்கள் வண்டி வகையறாவுக்கே உரிய ஒன்று. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி டீசல் இன்ஜின்கள் பலவற்றில் டிப்ஸ்டிக் டியூபின் வாயில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் புனல் ஒன்று இருக்கும். இன்ஜின் சூட்டில் வெந்து வெந்து, பத்து வருடத்தில் அது அப்பளம் மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் அழுத்தினாலே துண்டாக வந்துவிடும். புனல் உடைந்துவிட்டால் டிப்ஸ்டிக்கின் பிடி உட்காரும் இடம் கீழே போய்விடும், கம்பி அந்த அளவுக்குக் கூடுதலாக ஆயிலில் முங்கும். ஆயில் குறைவாகவே இருந்தாலும் “சரியாக இருக்கிறது” என்று காட்டும். அதாவது சென்சார் சரியாகச் சொல்ல, நாம் டிப்ஸ்டிக்கை நம்பி சென்சாரை மாற்றிக்கொண்டிருப்போம். வேறு வண்டியின் டிப்ஸ்டிக்கை மாற்றிப் போட்டிருந்தாலும் இதே கதைதான். ஆகவே புனலை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த துண்டு டியூபுக்குள் விழுந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரே வழி, ஆயிலை முழுக்க வடித்து அளப்பதுதான். சுத்தமான டப்பாவில் வடித்தால் அதே ஆயிலைத் திரும்ப ஊற்றலாம், சமீபத்தில் மாற்றிய ஆயிலைத் தூக்கிக் கொட்ட வேண்டியதில்லை. வண்டியின் கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள். வடித்தது அதில் ஃபில்டருக்குள் தங்கும் கொஞ்சம் போக மீதிக்குப் பொருந்தினால், அளவு சரி, பழுது மின்சாரப் பக்கம்.

டிப்ஸ்டிக் சரி என்று தெரிந்தபின் அந்த அரை லிட்டரைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் வெளியே எடுங்கள். ஆயில் ரொம்ப மேலே நின்றால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதில் அடிபட்டு நுரை கிளப்பும். நுரைத்த ஆயில் பேரிங்குகளைத் தாங்காது, அழுத்தமும் விழும். கூடவே சீல்கள் வழியே கசியும், இன்ஜினின் மூச்சுக்குழாய் (பிரீதர்) வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போய் எரிந்து, சைலன்சர் பக்கம் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் வண்டியில் இன்னொரு சங்கதி. டவுனுக்குள்ளேயே குட்டிக்குட்டித் தூரம் ஓடும் வண்டியில் டிபிஎஃப் சுத்தமாவது பாதியில் நின்று நின்று, எரியாத டீசல் ஆயிலில் கலந்துவிடும். அங்கே டிப்ஸ்டிக் அளவு தானாகவே ஏறும். ஊற்றாமலே ஏறியிருந்தால், டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள், டீசல் வாசனை தெரியும். அந்த ஆயிலை மாற்றத்தான் வேண்டும்.

சரி, பானெட் லாக்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மாதிரி வண்டிகளில் மீட்டர், ஆயில் அளவை ஒரு நொடி பார்த்துவிட்டு விளக்கைப் போடுவதில்லை. வளைவிலும் ஏற்றத்திலும் பிரேக்கிலும் ஆயில் சேம்பருக்குள் அலைபாயும் என்பதால், பல முறை அளந்து சராசரி எடுத்துத்தான் முடிவு செய்யும். எடுத்த முடிவை அவ்வளவு சீக்கிரம் விடவும் விடாது. “ஓனர் ஆயில் ஊற்றிவிட்டார்” என்று அது புரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள், அதுதான் பானெட். ஸ்கோடா கையேடுகளில் இது எழுதியே இருக்கும்: பானெட்டை 30 நொடிக்கு மேல் திறந்து வைத்தால் எச்சரிக்கை அணையும், ஆயில் ஊற்றாமல் மூடியிருந்தால் சுமார் 100 கி.மீ. கழித்து மறுபடி வரும். பானெட் திறந்ததை மீட்டருக்குச் சொல்வது லாக்குக்குள் இருக்கும் சின்ன மைக்ரோ ஸ்விட்ச். அது வேலை செய்யவில்லை என்றால் நீங்கள் பத்து முறை ஆயில் மாற்றினாலும் மீட்டரைப் பொறுத்தவரை அந்த பானெட் திறக்கப்படவே இல்லை.

இடித்தபிறகு மாற்றிய லாக்கில் இரண்டு விதமாகத் தவறு நடக்கலாம். ஸ்விட்ச் இல்லாத மலிவான லாக்கைப் போட்டிருப்பார்கள். அல்லது ஸ்விட்ச் உள்ள லாக்தான், கனெக்டரை மாட்டாமல் விட்டிருப்பார்கள். டிங்கரிங் கடையில் பானெட் மூடுகிறதா திறக்கிறதா என்பதுதான் கணக்கு, அதன் பின்னால் தொங்கும் இரண்டு ஒயரை யார் பார்க்கப்போகிறார்கள்?

சோதித்துப் பார்ப்பது சுலபம். கதவு திறந்திருப்பதைப் படமாகக் காட்டும் மீட்டர் என்றால், இக்னிஷனைப் போட்டு பானெட்டைத் திறங்கள், படத்தில் பானெட் திறந்ததாக வர வேண்டும். வந்தால், திறந்தபடியே ஒரு ஸ்க்ரூடிரைவரால் லாக்கின் கொக்கியை, பானெட் மூடும்போது விழுவதுபோல, கீழே தள்ளி விழ வையுங்கள். இப்போது படம் மறைய வேண்டும். மறக்காமல், உள்ளே இருக்கும் லீவரை இழுத்துக் கொக்கியை விடுவித்துவிட்டுத்தான் பானெட்டை மூட வேண்டும். இதை மறந்து பானெட்டை ஓங்கி அடித்து, கொக்கிமேல் மோதி, பெயின்ட் போனவர்கள் உண்டு. முதல் ஆள் நான்தான். மீட்டரில் படம் வராத வண்டி என்றால் ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பானெட் ஸ்விட்சின் நிலையைப் பார்க்கலாம்.

ஸ்விட்ச் நன்றாகவே இருந்தால்தான் சென்சார் பக்கம் போக வேண்டும். சேம்பரின் அடியில், மூன்று போல்ட்டில், கீழிருந்து மேலாக உள்ளே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய வகைக்குள் மிதவை எதுவும் கிடையாது. ஒரு சின்னக் கம்பியைச் சூடாக்கி, அது ஆற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும். சுற்றி ஆயில் நிறைய இருந்தால் சீக்கிரம் ஆறும், குறைந்தால் மெதுவாக ஆறும். கொதிக்கும் பால் டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றுகிற அதே கணக்கு. பிறகு வந்த வண்டிகளில் ஒலி அலையை அனுப்பி, மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும் வகை வந்துவிட்டது. பழைய வகையின் பலவீனம் இதிலிருந்தே தெரியும். கம்பியைச் சுற்றிக் கரிக்கசடு படிந்தால் சூடு வெளியேறாது, ஆயில் நிறைய இருந்தும் குறைவு என்று சொல்லும். ஆயிலைத் தள்ளித் தள்ளிப் போட்டு மாற்றிய வண்டிகளில் இது நடக்கும்.

சென்சாரே செத்துவிட்டதா, அல்லது உயிரோடு இருந்து தவறாகச் சொல்கிறதா என்பது வேறு வேறு. பல ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் அளவு குறைவு, விட்டுவிட்டு எரிந்தால் அளக்கும் அமைப்பில் பழுது. எழுத்து வரும் மீட்டரில் சென்சார் என்றே வரும். உங்களுக்கு ஆயிலைப் பார்க்கச் சொல்லி வருகிறது என்றால், மீட்டரைப் பொறுத்தவரை சென்சார் உயிரோடு இருக்கிறது. உங்கள் மெக்கானிக் எதை வைத்துச் சென்சார் போய்விட்டது என்றார் என்று கேளுங்கள். ஸ்கேன் செய்து பார்த்தாரா? பார்த்தார் என்றால் எங்கே பார்த்தார்? இந்தச் சென்சாரின் கோளாறு இன்ஜின் பகுதியில் பதிவாகாமல், மீட்டர் போர்டு பகுதியில் பதிவாகும் வண்டிகள் நிறைய. அங்கே 00562 என்ற கோடும் (ஸ்கேனர் காட்டும் பழுது எண்) ஜி266 என்ற பெயரும் இருந்தால் அது இந்தச் சென்சார்தான். இன்ஜினை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு “கோடு ஒண்ணும் இல்லை சார்” என்பவர் பாதிதான் பார்த்திருக்கிறார்.

கோடு இருந்தாலும் உடனே சென்சார் வாங்க ஓடாதீர்கள். வண்டியைத் தூக்கி, அடிக் கவரைக் கழற்றி, கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். அது இருக்கும் இடம் அப்படி, மழைத்தண்ணீர், சேறு, எல்லாம் முதலில் அங்கேதான் படும். 2015 டிசம்பர் மழையில் சென்னையில் முழங்கால் தண்ணீரில் நின்ற கார்களை வாங்கி ஓட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கனெக்டரைத் திறந்தால் பின்களில் பச்சைப் பாசி மாதிரி பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். கனெக்டரில் பொதுவாக மூன்று ஒயர்: கரன்ட், எர்த், சிக்னல். இக்னிஷன் போட்டதும் முதல் இரண்டுக்கும் நடுவே பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். வராவிட்டால் ஒயரைப் பிடித்துக்கொண்டே மேலே போங்கள். பெரும்பாலும் எலி கடித்த இடத்தில் போய் நிற்பீர்கள். மார்கழி, தை மாதங்களில் சூடான இன்ஜின்மேல் எலி படுக்காத ஊர் இருந்தால் சொல்லுங்கள். மூன்றாவது ஒயரை மல்டிமீட்டரில் பார்த்து முடிவெடுக்க முடியாது. அதில் ஓடுவது துடிப்புத் துடிப்பாக வரும் சிக்னல், மல்டிமீட்டர் ஏதோ ஒரு நடு எண்ணைக் காட்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் சென்சார். அதைக் கழற்ற ஆயில் முழுக்க வடிய வேண்டும், அதனால் அடுத்த ஆயில் சர்வீஸோடு சேர்த்துச் செய்தால் செலவு மிச்சம். மஞ்சள் விளக்கில், டிப்ஸ்டிக்கை வாராவாரம் பார்த்துக்கொண்டு அதுவரை ஓட்டலாம். பழைய சீலைத் திரும்பப் போட விடாதீர்கள், புதிது கேளுங்கள். சேம்பர் அலுமினியம் என்றால் போல்ட்டை முறுக்குவதில் வீரம் காட்டக் கூடாது, மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அப்புறம் சின்ன வேலை சேம்பர் மாற்றுவதில் முடியும்.

உங்களுக்கான பதில் இங்கேயே முடிந்தது. ஆனால் இதைப் படிக்கும் சிவப்பு விளக்குக்காரர்கள் “டிப்ஸ்டிக் சரி, கனெக்டர் துடை” என்று எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடம் முன்பு ஒரு டாக்ஸி வந்தது. ஐட்லிங்கில் சிவப்பு விளக்கு மினுக்கும், ரேஸ் செய்தால் போய்விடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டில். இரண்டு இடத்தில் பார்த்து, இரண்டு முறை பிரஷர் ஸ்விட்ச் மாற்றியிருந்தார்கள். டிரைவர் அண்ணன், “ஆயில் ஃபுல்லா இருக்குங்க தம்பி, லைட்டுதான் பொய் சொல்லுது” என்று அடித்துச் சொன்னார். ஸ்விட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜை மாட்டினேன். சூடான ஐட்லிங்கில் முள் அரை பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தாண்டவில்லை. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் சேம்பரின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். ஏதோ வேகத்தடையில் உட்கார்ந்திருக்கிறது. சேம்பர் தகடு உள்ளே மடங்கி, ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வாயை முக்கால்வாசி அடைத்துவிட்டது. நசுங்கிய சேம்பரில் இடம் குறைந்துவிட்டதால் டிப்ஸ்டிக்கில் அளவு கொஞ்சம் கூடுதலாகவே வேறு காட்டியிருக்கிறது. ஆயில் இருக்கிறது, மேலே ஏறத்தான் வழியில்லை. சேம்பரும் ஸ்ட்ரெய்னரும் மாற்றியதோடு போயிற்று. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் கிராங்க் வேலையில் நின்றிருக்கும்.

சிவப்பு விளக்கு பொய்யாக எரிவது உண்டுதான். பழைய வகை பிரஷர் ஸ்விட்ச் ஒற்றை ஒயர் கொண்டது. அழுத்தம் இல்லாதபோது அந்த ஒயரை எர்த் செய்து விளக்கை எரிக்கும், 0.3 முதல் 0.5 பார் வாக்கில் அழுத்தம் வந்ததும் எர்த்தைத் துண்டிக்கும். அதனால் இக்னிஷன் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், அந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது, குற்றம் ஸ்விட்சிலோ அழுத்தத்திலோ. அணையாவிட்டால் ஒயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் படுகிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் ஸ்விட்ச் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும், அவற்றில் இந்தச் சோதனை செல்லாது. ஸ்விட்சின் நடுவிலிருந்து ஆயில் கசிந்து கனெக்டர் ஈரமாக இருந்தால் ஸ்விட்ச் போய்விட்டது, யோசிக்காமல் மாற்றலாம், சாதாரண வண்டிகளில் சில நூறு ரூபாய்தான்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று நான்கு நொடி சிவப்பு எரிந்து அணைந்தால் முதலில் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே ஆயில் திரும்ப இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு, டூப்ளிகேட் ஃபில்டர்களில் அது பெயருக்குத்தான் இருக்கும். ஊட்டி கல்லட்டி மலைப்பாதை மாதிரி கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் ஒரு கணம் வந்து போனால், ஆயில் நிஜமாகவே குறைவு, வளைவில் ஒதுங்கும்போது ஸ்ட்ரெய்னர் காற்றைக் குடிக்கிறது. சூடான பிறகு ஐட்லிங்கில் மட்டும் மினுக்கினால் மெலிந்த ஆயில், தேய்ந்த பம்ப், தேய்ந்த பேரிங் என்று கணக்கு போகும். இதற்குப் பலர் கெட்டியான ஆயில் ஊற்றி விளக்கை அணைத்து வண்டியை விற்றுவிடுகிறார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் நன்றாகச் சூடாக்கிவிட்டு ஐட்லிங்கில் அந்த விளக்கைப் பார்ப்பது நல்லது.

எந்தச் சந்தேகம் என்றாலும் கேஜ் மாட்டாமல் “ஸ்விட்ச்தான்” என்று சொல்கிறவரிடம் இன்ஜினைக் கொடுக்காதீர்கள். கேஜ் மாட்டக் கால் மணி நேர வேலை. சரியான எண் அந்த இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். கையேடு கையில் இல்லை என்றால், சூடான இன்ஜினில் ஐட்லிங்கில் 1 பார், 2,000 ஆர்பிஎம்மில் 2 பார், இதற்குக் கீழே போனால் நான் வண்டியைச் சாவி கொடுத்து அனுப்ப மாட்டேன், டோயிங் வண்டி வரச் சொல்வேன்.